ஓடையின் எல்லையும் ஊரின் எல்லையும்: இயற்கை வளத் திட்டமிடலில் நிலப்படங்கள்

வட்டார அலுவலகம் ஒன்றில் மண், நீர்ப் பாதுகாப்புக்கான ஆண்டுத் திட்டத்தைத் தயாரிக்க அமரும் அலுவலரின் மேசையில் வழக்கமாக மூன்று ஆவணங்கள் இருக்கும். ஒன்று, வருவாய்த் துறையின் கிராம நிலப்படம். அதில் புல எண்களும் புலங்களின் எல்லைகளும் உண்டு, மேடு பள்ளம் இல்லை. இரண்டாவது, இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்றப் படம். அதில் சம உயரக் கோடுகளும் ஓடைகளும் உண்டு, புல எண்கள் இல்லை. மூன்றாவது, நிலப் பயன்பாட்டுப் பதிவேடு. அதில் பரப்பளவுகள் உண்டு, அவை தரையில் எவ்விடத்தில் அமைந்துள்ளன என்ற குறிப்பு இல்லை. மழைநீரோ இம்மூன்றையும் படித்துவிட்டு ஓடுவதில்லை. ஓர் ஊரின் மேட்டில் விழுந்து, அடுத்த ஊரின் மண்ணை அரித்து, மூன்றாம் ஊரின் ஏரியில் அம்மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. திட்டம் ஊர் எல்லையில் நின்றுவிடுகிறது, அரிப்பு நிற்பதில்லை.

இந்த மூன்று ஆவணங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க இயலுமா என்பதே கடந்த அரை நூற்றாண்டாக நம் நாட்டில் வளத் திட்டமிடலை ஈர்த்து வந்துள்ள கேள்வியாகும். செயற்கைக் கோள் படங்களும் கணினி வழி இயங்கும் புவியியல் தகவல் முறைமையும் இதற்கு விடையளித்துள்ளன. அவ்விடை எவ்வளவு தூரம் சரியானது, எங்கே அது நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்லக்கூடும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தரையிலிருந்து வானத்துக்கு

நில அளவையில் நம் நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. இந்திய நில அளவைத் துறை 1767இல் தோன்றியது. 1802இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைப் பணி துணைக்கண்டம் முழுவதற்கும் துல்லியமான அடிப்படைச் சட்டகத்தை அளித்தது. ஆயினும் அளவைச் சங்கிலியும் தியோடலைட்டும் ஏந்திச் சென்ற அளவையாளர் ஒரு பகுதியைப் படமாக்கி முடிக்கும்போது, அதன் நிலப் பயன்பாடு மாறிப்போயிருக்கும். மலையும் ஆறும் அப்படியே இருக்கும். காடும் பயிரும் காத்திருக்கா.

1970இல் பேராசிரியர் பிஷாரத் ராம பிஷாரடி கேரளத்தில் மேற்கொண்ட சோதனை இத்துறையில் ஒரு திருப்பமாகும். தென்னையைத் தாக்கும் வேர்வாடல் நோயைக் கண்டறிய, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் படங்கள் எடுக்கப்பட்டன. நலமான இலை, சிவப்பு ஒளியைத் தன் உணவு ஆக்கத்துக்காக உட்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. நோயுற்ற இலையில் இந்தத் திருப்பம் குறைகிறது. தோப்பில் நிற்பவருக்குத் தெரியாத வேறுபாடு படத்தில் நிற வேறுபாடாகத் தெரிந்தது. இன்றைய செயற்கைக் கோள் படங்களில் பசுமையான பயிர் சிவப்பு நிறத்தில் காட்டப்படுவதைக் கண்டு மாணவர்கள் வியப்பதுண்டு. அண்மை அகச்சிவப்புப் பதிவுக்குச் சிவப்பு நிறம் ஒதுக்கப்படுவதே காரணம். சிவப்பு அடர்ந்திருந்தால் பசுமை செழித்திருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

1979இல் பாஸ்கரா-1, 1981இல் பாஸ்கரா-2 ஆகிய சோதனைக் கோள்களுக்குப் பின், 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்-1ஏ விண்ணில் ஏவப்பட்டது. நம் வளங்களை நம் கோளைக் கொண்டே தொடர்ந்து நோக்கும் நிலை அன்று உருவானது. அதன் லிஸ்-1 கருவி தரையை 72.5 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்துப் பார்த்தது. 1995இல் ஐ.ஆர்.எஸ்-1சி கோளின் லிஸ்-3 கருவியில் இச்சதுரம் 23.5 மீட்டராகவும், 2003இல் ரிசோர்ஸ்சாட்-1 கோளின் லிஸ்-4 கருவியில் 5.8 மீட்டராகவும் சுருங்கியது.

இவ்வெண்களை மனப்பாடம் செய்வதைவிட, ஓர் ஏக்கர் நிலமுள்ள குறு விவசாயியின் கண்ணால் பார்ப்பது பயனுடையது. லிஸ்-1 கருவியின் ஒரு சதுரம் 0.53 ஹெக்டேர், ஓர் ஏக்கர் 0.4 ஹெக்டேர். ஆகவே 1988இன் படத்தில் அவருடைய நிலம் முழுமையான ஒரு புள்ளியாகக்கூட இல்லை. அண்டை நிலத்துடன் கலந்த ஒரு நிறம், அவ்வளவே. லிஸ்-3 படத்தில் அது ஏறக்குறைய ஏழு புள்ளிகள். லிஸ்-4 படத்தில் ஏறக்குறைய 120 புள்ளிகள். இப்போதுதான் வரப்பும் கிணற்றடி மரமும் சற்றுத் தெரியத் தொடங்குகின்றன. சிறு உடைமைகள் நிறைந்த நம் நாட்டில், அரசின் கண்ணுக்கு அவர் தெரிகிறாரா இல்லையா என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது.

அளவுவிகிதம் என்னும் பாடம்

திட்டங்கள் தோல்வியுறுவதற்குப் படத்தின் தரத்தைவிட அளவுவிகிதத்தைப் பற்றிய கவனக்குறைவே பெரும்பாலும் காரணமாகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1:2,50,000 அளவுள்ள படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தரையில் 625 ஹெக்டேர். நீர்வடிப் பகுதி வளர்ச்சித் திட்டங்களில் அடிப்படை அலகாக நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்த நுண் நீர்வடிப் பகுதியின் பரப்பு சுமார் 500 ஹெக்டேர். அப்படியானால், முழுத் திட்டப் பகுதியும் அப்படத்தில் ஒரு விரல் நகத்துக்குள் அடங்கிவிடும். 1:50,000 அளவில் அதே பகுதி 20 சதுர சென்டிமீட்டர். 1:10,000 அளவில் 500 சதுர சென்டிமீட்டர். முதலாவது படம் எந்த மாவட்டத்துக்கு நிதி என்று முடிவு செய்ய உதவும். இரண்டாவது எந்த ஓடைக்கு என்று காட்டும். மூன்றாவதில்தான் யாருடைய வயலில் வரப்பு என்று எழுத முடியும்.

வட இந்தியாவின் பல பகுதிகளில் பழைய கிராம நிலப்படங்கள் மைலுக்கு 16 அங்குலம், அதாவது 1:3,960 என்ற அளவில் வரையப்பட்டவை. 1:50,000 படத்திலுள்ள ஒரு கோட்டைப் பெரிதாக்கி இவற்றின்மேல் பொருத்தினால் நேர்வது என்ன? அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள பென்சில் கோடு தரையில் 25 மீட்டர். ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் 64 மீட்டருக்கும் குறைவு. வரைபவரின் பென்சில் முனையே வயலில் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகிறது! கணினித் திரையில் எந்தப் படத்தையும் எவ்வளவு வேண்டுமாயினும் பெரிதாக்கலாம் என்பதால் இப்பிழை இன்று குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கிறது.

ஒரு நுண் நீர்வடிப் பகுதியில்

1987ஆம் ஆண்டின் கடும் வறட்சியைத் தொடர்ந்து விண்வெளித் துறை சில மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வுகள், 1992இல் நிலைத்த வளர்ச்சிக்கான ஒருங்கிணைந்த இயக்கமாக விரிவடைந்தன. நிலப் பயன்பாடு, மண், சரிவு, புவிப்புறவியல், நிலத்தடி நீர் வாய்ப்பு, வடிகால் எனத் தனித்தனிப் படங்கள் 1:50,000 அளவில் தயாரிக்கப்பட்டு, அவை ஒருங்கே பொருத்தப்பட்டன. கர்நாடகத்தில் உலக வங்கியின் உதவியுடன் 2000களில் நிறைவேற்றப்பட்ட சுஜலா திட்டம், கோலார், சித்ரதுர்கா, தும்கூர், ஹாவேரி, தார்வாட் மாவட்டங்களில் இம்முறையைக் கிராமத்து மட்டத்துக்கு இறக்கியது. புல எண்களையும் செயற்கைக் கோள் படத்தையும் இணைத்துத் திட்டமிட்டதுடன், பணி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எடுத்த படங்களை ஒப்பிட்டுக் கண்காணிப்பதும் அதில் நடைபெற்றது.

படங்களைப் பொருத்துவதால் உண்மையில் என்ன கிடைக்கிறது? ஒரு சிறு எடுத்துக்காட்டைக் காண்போம். கசிவுநீர்க் குட்டையும் பண்ணைக் குட்டையும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே: தோண்டிய பள்ளம், தேங்கிய நீர். ஆனால் அவை வேண்டுகின்ற நிலம் நேர்மாறானது. கசிவுநீர்க் குட்டையின் நோக்கம் நீரை நிலத்துக்குள் அனுப்பி, கீழேயுள்ள கிணறுகளை ஊறச் செய்வது. அதற்குப் பிளவுற்ற, சிதைந்த பாறையின்மேல் அமைந்த இடம் வேண்டும். பண்ணைக் குட்டையின் நோக்கம் நீரைப் பயிருக்காகத் தேக்கி வைப்பது. அதற்கு நீரை விடாத களிமண் வேண்டும். இடம் மாறிவிட்டால் இரண்டுமே வீண். முதலாவதில் நீர் ஆவியாகிப் போகும். இரண்டாவதில் ஒரு வாரத்தில் மறைந்துபோகும். செலவுக் கணக்கிலும் பணி நிறைவுச் சான்றிதழிலும் இந்த வேறுபாடு தெரியாது. மண் படத்தையும் பாறை அமைப்புப் படத்தையும் ஒருசேரப் பார்த்தவருக்கு மட்டுமே, தோண்டும் முன்பே, அது தெரியும்.

சம உயர வரப்பும் அப்படியே. மழை குறைந்த, மென்சரிவான செம்மண் நிலத்தில் அது ஈரத்தைக் காக்கிறது. ஆழமான கரிசலிலோ கோடையில் வரப்பே வெடித்துப் பிளக்கும், மழையில் வரப்பின் மேற்புறம் நீர் தேங்கிப் பயிர் அழுகும். அங்கே உபரி நீரை மெல்ல வடியச் செய்யும் சரிவு வரப்புகளே ஏற்றவை. ஒரே ஊரில் மேட்டில் செம்மண்ணும் தாழ்வில் கரிசலும் அமைந்திருப்பது தக்காணத்தில் அரிதன்று. ‘ஊருக்கு இத்தனை மீட்டர் வரப்பு’ என்று இலக்கு வகுக்கும் முறை இங்கே எவ்வளவு பொருந்தாதது என்பதை அலுவலர்கள் அறிவர்.

நீர் தேடும் படம், நீர் காக்கும் படம்

நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடினப் பாறைப் பகுதி. இங்கே நிலத்தடி நீர் பரந்த ஏரிபோல் கிடப்பதில்லை. பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த அடுக்குகளிலும் ஒளிந்திருக்கிறது. வானிலிருந்து பார்க்கையில், பல கிலோமீட்டர் நீளும் நேர்கோடுகளாக ஓடைகளும் தாவர வரிசைகளும் அமைந்திருப்பது தெரியும். அவை பெரும்பாலும் ஆழத்திலுள்ள வெடிப்புகளின் மேற்குறிகள். இரு கோடுகள் சந்திக்குமிடம் கிணறு தோண்ட நல்ல இடமாகக் கருதப்படுகிறது. 1986இல் தொடங்கிய தேசியக் குடிநீர்த் தொழில்நுட்ப இயக்கத்துக்காக மாவட்டவாரியாக இத்தகைய படங்கள் வரையப்பட்டன. பின்னர் அவை 1:50,000 அளவில் விரிவாக்கப்பட்டன.

இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நீர் எங்கே உள்ளது என்று காட்டும் படம், எங்கே துளையிடலாம் என்றும் காட்டுகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாடு முழுவதும் எடுக்கப்பட்ட நிலத்தடி நீர் 241 பில்லியன் கன மீட்டர்; எடுக்கத்தக்க அளவில் இது 59 சதவிகிதம். சராசரி ஆறுதல் அளிக்கிறது. ஆனால் மதிப்பிடப்பட்ட 6,553 அலகுகளில் 736 அலகுகள் அளவுமீறி உறிஞ்சப்பட்டவை. பஞ்சாபில் எடுப்பு, எடுக்கத்தக்க அளவின் 150 சதவிகிதத்தையும் தாண்டியுள்ளது. சராசரி மறைத்ததைப் படம் வெளிப்படுத்துகிறது. 2012இல் தொடங்கிய தேசிய நீர்த்தாங்கி படமாக்கும் திட்டத்தின் உட்பொருள், நீரைத் தேடுவதோடு நில்லாமல் அதன் கொள்ளளவையும் ஊறுதலையும் அறிந்து பயன்பாட்டை வகுப்பதாகும்.

காடு எவ்வளவு?

ஒரு படம் எண்ணிக்கையை மாற்றும்போது நிருவாகத்தில் எத்தகைய அதிர்ச்சி ஏற்படுகிறது என்பதற்கு 1980களின் காட்டுக் கணக்கு சிறந்த பாடம். அதுவரை நாட்டின் காட்டுப் பரப்பு என்று கூறப்பட்டு வந்தது வனத் துறைப் பதிவேடுகளின் கூட்டுத்தொகை. அது நிலப்பரப்பில் ஏறக்குறைய 23 சதவிகிதம். ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு முகமை செயற்கைக் கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, 1972-75இல் 16.9 சதவிகிதமாக இருந்த காடு 1980-82இல் 14.1 சதவிகிதமாகச் சுருங்கியிருப்பதாக அறிவித்தது. 1981இல் நிறுவப்பட்ட இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கோ வேறாக இருந்தது. இரு நிறுவனங்களும் ஒருங்கே ஆராய்ந்த பின் 19.5 சதவிகிதம் என்ற எண் ஏற்கப்பட்டது.

மூன்று எண்களில் எது பொய்? எதுவும் பொய்யன்று என்பதே பாடம். பதிவேடு கூறியது, சட்டப்படி காடு எனப்பட்ட நிலத்தை. அங்கே மரம் உண்டா என்பது அதன் கேள்வியன்று. படம் கூறியது, மேலிருந்து தெரிந்த இலைக் கவிகையை. அந்நிலம் யாருடையது என்பது அதற்குத் தெரியாது. ஒரு படத்துக்கும் மற்றொரு படத்துக்கும் இடையிலான வேறுபாடு அளவுவிகிதம், கவிகை அடர்த்திக்கு வகுத்த வரம்பு, படம் எடுத்த பருவம் ஆகியவற்றைச் சார்ந்தது. தேக்குக் காட்டைக் கோடையில் படம் எடுத்தால் அது இலையுதிர்த்து வெறுமையாகத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுத்தால் அதே காடு முழுமையாகத் தெரியும்.

இன்று வன அளவை நிறுவனம், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 சதவிகிதத்துக்குக் குறையாத கவிகை உள்ள இடங்கள் யாவற்றையும், உடைமை எவருடையதாயினும், காட்டுக் கவிகையாகக் கொள்கிறது. 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி அது 7,15,343 சதுர கிலோமீட்டர், 21.76 சதவிகிதம். இவ்வரையறையில் பழத்தோட்டமும் மூங்கில் தோப்பும் சேர்கின்றன. எனவே இவ்வெண் உயர்ந்தது என்பதைக் கொண்டு மட்டும் இயற்கைக் காடு பெருகியது என்று முடிவு செய்தல் கூடாது. தேர்வில் இவ்வெண்ணை எழுதும் மாணவர் வரையறையையும் எழுதிவிட்டால், விடைத்தாளுக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் நல்லது.

‘தரிசு’ என்ற நிறம்

காட்டுக் கணக்கைவிட நுட்பமான சிக்கல் தரிசு நிலக் கணக்கில் உள்ளது. 2000ஆம் ஆண்டில் வெளியான இந்தியத் தரிசு நில நிலப்படத் தொகுதி, நாட்டில் 63.85 மில்லியன் ஹெக்டேர், அதாவது 20.17 சதவிகிதம், தரிசு எனக் காட்டியது. 2019ஆம் ஆண்டுத் தொகுதியில் 2015-16க்கான எண் 55.76 மில்லியன் ஹெக்டேர், அதாவது 16.96 சதவிகிதம். இவ்வகைப்பாட்டில் புதர் நிலமும், சீர்குலைந்த மேய்ச்சல் நிலமும், மாற்றிட வேளாண்மை நிலமும், மணற்பகுதிகளும் அடங்கும். இமயத்தின் பனி மூடிய பகுதிகளும் பனியாறுகளும் கூட இப்பட்டியலில் உண்டு. கங்கைக்கு நீர் ஊட்டும் பனியாறு ‘தரிசு’ எனப்படுவது, வகைப்பாட்டின் பெயரைப் பொருளாகக் கொள்ளலாகாது என்பதற்கு நல்ல சான்று.

புதர் மண்டிய ஒரு புறம்போக்கைக் கோள் எப்படிக் காண்கிறது? சிவப்புக் குறைந்த, வெளிர் நிறத் திட்டாக. ஆட்டு மந்தை மழைக்காலத்தில் அங்கே மேய்வதும், நிலமற்ற பெண்கள் அங்கே விறகும் துடைப்பப் புல்லும் சேர்ப்பதும் எந்த அலைவரிசையிலும் பதிவாவதில்லை. வறண்ட பகுதிகளின் பொது நிலங்களைப் பற்றி என்.எஸ். ஜோதா 1986இல் வெளியிட்ட ஆய்வு, ஏழைக் குடும்பங்களின் வருவாயிலும் எரிபொருளிலும் தீவனத்திலும் கணிசமான பங்கு இந்நிலங்களிலிருந்தே வருவதைக் காட்டியது. படத்தில் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட இடத்தைத் தொழிற்கூடத்துக்கோ தோட்டப் பயிருக்கோ ஒதுக்குவது எளிது; காகிதத்தில் எவரும் இழப்பதில்லை. ஆகவே கவிகையைக் காட்டும் படத்துடன், பயன்படுத்துவோரைக் காட்டும் படம் ஒன்றும் இணையாக இருந்தாலன்றி ஒதுக்கீடு எதுவும் செய்யலாகாது என்று இக்கட்டுரையாளர் துணிந்து கூறுவார்.

சட்டமும் இவ்வரம்பை ஏற்றுள்ளது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2012இல் திருத்தப்பட்ட விதிகள், செயற்கைக் கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாமேயன்றி அவற்றுக்கு மாற்றாகாது என்று வகுத்துள்ளன. மரநிழலில் சிறு துண்டுகளாகப் பயிரிடும் பழங்குடியினரின் நிலம் பழைய, பருமனான படத்தில் காடாகவே தெரியும். படத்தில் இல்லை என்பதால் தரையில் இல்லை என்று அவருடைய மனுவைத் தள்ளுவது நியாயமாகாது.

படத்தை வரைவோர் யார்?

கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தின் கல்யாசேரி ஊராட்சியில் 1990களின் தொடக்கத்தில் நடந்த மக்கள் வளப்படப் பணி இக்கேள்விக்கு ஒரு விடை. புவி அறிவியல் ஆய்வு மையத்தின் வழிகாட்டுதலில், சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் ஆதரவுடன், பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்களே கிராம நிலப்படத்தை ஏந்திப் புலம் புலமாக நடந்து நிலப் பயன்பாட்டையும் நீர்நிலைகளையும் குறித்தனர். படம் முடிந்தபோது, அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் அவ்வூரில் உருவாகியிருந்தனர்.

சண்டிகருக்கு அருகில் சுகோமாஜ்ரி கிராமத்தின் அனுபவம் இன்னும் ஆழமானது. 1970களில் சண்டிகர் சுக்னா ஏரி மண்ணால் தூர்ந்து வந்ததற்குக் காரணம் தேடிச் சென்ற மண் பாதுகாப்பு ஆய்வாளர்கள், பி.ஆர். மிஸ்ரா தலைமையில், மேலேயுள்ள மலைச் சரிவில் மேய்ச்சலால் ஏற்பட்ட அரிப்பைக் கண்டனர். சரிவைக் காக்கச் சிறு அணைகள் கட்டப்பட்டன. ஆனால் நிலமுள்ளவர்களுக்கு மட்டும் அணை நீர் பயன்படுமானால், நிலமற்றவர் தம் ஆட்டை ஏன் மலையிலிருந்து இறக்கவேண்டும்? நிலமற்ற குடும்பங்கள் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்ற ஏற்பாடு வந்த பின்னரே மலை தானாகக் காக்கப்பட்டது. எந்த ஓடையிலிருந்து மண் வருகிறது என்பதை அளவைப் பணி சொன்னது. யாருடைய ஒப்புதல் இல்லாமல் அது நில்லாது என்பதை ஊர்க்கூட்டம் சொன்னது.

இன்று அலுவலரின் கையில் உள்ள கருவிகள் பல. 2009இல் தொடங்கிய புவன் தளம், 2016 முதல் ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளுக்கு இடக்குறியிட்ட நிழற்படம், 2020இல் தொடங்கி டிரோன் கொண்டு ஊர்க் குடியிருப்புப் பகுதியை அளக்கும் ஸ்வமித்வா திட்டம், நிலப்படத் தரவுகளை நாட்டவர்க்கு எளிதில் கிட்டச் செய்த 2021ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆகியவை அவற்றுள் சில. 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட இந்திய-அமெரிக்க நிசார் கோளின் ரேடார், மேகத்தை ஊடுருவி, ஒரே இடத்தைப் பன்னிரண்டு நாள்களுக்கு ஒருமுறை நோக்க வடிவமைக்கப்பட்டது. மழைக்காலத்தில் மேகத்தால் மறைக்கப்பட்ட காரிப் பயிரையும் ஈரத்தையும் காணும் வாய்ப்பு இதனால் விரிகிறது.

வட்டார அலுவலரின் மேசைக்குத் திரும்புவோம். மூன்று ஆவணங்களும் இப்போது ஒரே திரையில் பொருந்தியுள்ளன. அவர் செய்யவேண்டியது இன்னும் உண்டு. படத்தின் ஓரத்தில் அது எடுக்கப்பட்ட நாளையும் அளவுவிகிதத்தையும் எழுதவேண்டும். அதைக் கிராம சபையில் விரித்து வைத்து, ஒவ்வொரு திட்டின் பெயரையும் அங்குள்ளோரிடம் கேட்டு, படத்துக்கும் அவர்கள் சொல்லுக்கும் முரண்படும் இடங்களைத் தனி நிறத்தில் குறிக்கவேண்டும். பின்னர், மழைக்கு முன் ஒருமுறையும் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒருமுறையும், அப்படத்தைக் கையில் ஏந்தி, மேட்டிலிருந்து ஓடையின் போக்கில் இறங்கி நடக்கவேண்டும்.